பிள்ளை இருக்குது, விலாசம்தான் இல்லை

காலை எட்டு இருபது. கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம். வெளியே பதினொரு பேர். முதலில் நின்றவர் பெயர் ஜெசிந்தா.

பள்ளிக்கூடப் பதிவு மேசையில் இருக்கிறவனுக்குப் பிள்ளைகளைத் தெரியாது, அவர்கள் வீட்டு ஹைட்ரோ பில்லை, கரண்ட் பில்லைத்தான் தெரியும். ஸ்காபரோவில் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று காகிதம் பார்த்துச் சொல்கிற ஒரு அலுவலகத்தில் பதினாலு வருசமாக இருக்கிறேன். அதற்கு முன் கொழும்பில் ஒரு நாளிதழில் செய்தி எழுதினேன். அங்கே ஒருவர் வாயால் சொன்னால் அது செய்தி. இங்கே வாயால் சொன்னால் அது ஒன்றுமில்லை, இரண்டு கடதாசி வேண்டும். நீங்களும் ஒரு பிளாஸ்ரிக் உறைக்குள் சீவியம் முழுவதையும் அடைத்துக்கொண்டு என்னைப் போல ஒருவனுக்கு முன்னால் இருந்திருப்பீர்கள். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இரண்டு கடதாசி

விதி இதுதான். வீடு எந்தப் பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் பிள்ளைக்கு இடம். அந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்பதற்கு இரண்டு கடதாசி. ஒன்று வங்கிக் கடிதம், ரெலிபோன் பில் போன்ற ஏதாவது. மற்றது வீட்டோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும்: வீட்டு வரிப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், அதுவும் இல்லாவிட்டால் வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்து வைத்த ஒரு வரி. பிள்ளையைத் தூக்கி மேசையில் இருத்தினாலும் அது சாட்சியாகாது.

ஜெசிந்தா மன்னார்க்காரி. கணவரின் வேலை இடம் மாறியதால் மார்ச் கடைசியில் ரெக்ஸ்டேலை விட்டு ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்றுக்கு, நிலத்துக்குக் கீழே உள்ள தளத்துக்கு, வந்தவர். மகள் அனெற் மூன்றாம் வகுப்பு. பெயர் இன்னும் ரெக்ஸ்டேல் பள்ளிக்கூடத்தில். நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தாயும் மகளும் பஸ்ஸும் ரயிலுமாக இரண்டு கிழமை போய்வந்தார்கள். மூன்றாம் கிழமை பிள்ளை பஸ்ஸுக்குள் சத்தி எடுக்கத் தொடங்கியது. இப்போது வீட்டில் நிற்கிறது. “உங்கள் பிள்ளை இன்று வரவில்லை” என்று ரெக்ஸ்டேலிலிருந்து ஒரு இயந்திரம் தினமும் ரெலிபோன் எடுத்துச் சொல்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இப்படி நின்றால் அங்கேயும் பெயரை வெட்டிவிடுவார்கள் என்பதுதான் தாயின் பயம்.

வங்கிக் கடிதம் கொண்டுவந்திருந்தார். ஒப்பந்தம் இல்லை. வீட்டுக்காரரிடம் ஒரு வரி எழுதி வாங்கச் சொன்னேன். இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாராம். பேஸ்மென்றில் ஆட்கள் இருப்பது நகரசபைக்குத் தெரியக்கூடாது, எழுத்தில் ஒன்றும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

“பிள்ளை இருக்குது அண்ணை. கட்டில் இருக்குது, கதிரை இருக்குது, ஒரு மீன் தொட்டிகூட இருக்குது. விலாசம்தான் இல்லை.”

வெட்டுப்புள்ளி

எங்கள் ஆட்கள் ஊரைவிட்டு வரும்போது பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் தருகிற ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையையும் அதன் வெட்டுப்புள்ளியையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். பாலர் வகுப்புக்கு நாலு வயது மகளைப் பதிய வந்த ஒரு தகப்பன், நீச்சல், வயலின், பேச்சுப் போட்டி என்று சான்றிதழ்களைத் தடித்த கோப்பொன்றில் அடுக்கி வந்தார். பேச்சுப் போட்டிக்காரி அவர் மடியில் நித்திரை. கோப்பை நான் திறக்கவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. மேசையில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “இந்த முறை வெட்டுப்புள்ளி எவ்வளவு அண்ணை?” என்றார்.

வெட்டுப்புள்ளி என்று ஒன்றில்லை, சோதனையும் இல்லை, வீடு எல்லைக்குள் இருந்தால் இடம் இருக்கிறது என்றேன். வீடு பள்ளிக்கூடத்திலிருந்து நாலாவது வீடு. சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். முகம் தொங்கிவிட்டது.

“எல்லாருக்கும் கிடைக்கிற இடமெண்டா, உது என்ன பள்ளிக்கூடம் அண்ணை?”

பழைய மாணவர்

ஊரில் பெரிய பள்ளிக்கூடங்களில் தகப்பன் பழைய மாணவர் என்றால் மகனுக்கு முன்னுரிமை. சம்மாந்துறையிலிருந்து வந்து இங்கே குழாய் வேலை செய்யும் நசீர், எல்லைக்கு வெளியே இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மகனைப் பதியக் கேட்டார். எல்லைக்கு வெளியே என்றால் தனி விண்ணப்பம், அதற்கு ஒரு காலக்கெடு, அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் மிச்சம் இருக்கவும் வேண்டும். அண்ணன் அக்கா ஏற்கெனவே அங்கே படித்தால் கொஞ்சம் வசதி. தகப்பன் படித்திருந்தால் எந்த வசதியும் இல்லை. இதையெல்லாம் விளங்கப்படுத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் வந்த புதுசில ஒரு வின்டர் முழுக்க அந்தக் கட்டடத்திலதான் பின்னேர இங்கிலிஸ் வகுப்புப் படிச்ச நான். பழைய மாணவன்டு ஒருக்காப் போட்டுப் பாருங்களேன்.”

மோட்சத்துக்கான விலாசம்

கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களுக்கு வேறு கல்விச் சபை, வேறு அலுவலகம். சிறிய வகுப்புகளுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் என்பதற்காக ஒரு சைவக் குடும்பம் என்னிடம் வந்து ஞானஸ்நானத்துக்கு எத்தனை கிழமை செல்லும், பிள்ளைக்கு மட்டும் எடுத்தால் காணுமா என்று விசாரித்தது. ஏதோ தடுப்பூசி போடுகிற மாதிரி. அது மாதா கோயிலில் கேட்க வேண்டிய கேள்வி என்றேன். மனைவி கணவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து, “வெள்ளிக்கிழமை விரதத்தை விடச் சொல்லுவினமோ எண்டும் கேளுங்கோ” என்றார்.

இது நடந்த அன்றுதான் ஜெசிந்தாவின் ஞாபகம் வந்தது. மன்னார்க் கத்தோலிக்கர், சான்றிதழ் இல்லாமலா இருக்கும்? ரெலிபோன் எடுத்து அந்த அலுவலகத்தையும் ஒருக்கால் பார்க்கச் சொன்னேன். மகளின் சான்றிதழ், தன்னுடையது, கணவருடையது, திருமணப் பதிவு எல்லாம் கொண்டு போனார். அங்கேயும் முதல் கேள்வி வீட்டைப் பற்றியதுதான். வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக்காரர் கடிதம். அடுத்த நாள் காலை திரும்பவும் என் வரிசையில் நின்றார். அன்று அவருக்கு முன்னால் ஆறு பேர்.

“மோட்சத்துக்கு விலாசம் இருக்குது அண்ணை. ஸ்காபரோவுக்குத்தான் இல்லை.”

எந்த லிப்ற்?

யாழ்ப்பாணப் பேச்சில் விலாசம் என்றால் முகவரி. எடுப்புக் காட்டுவதற்கும், பகட்டுக்கும் விலாசம் என்றுதான் பெயர். மகனைப் பதிய வந்த யோகராசாவிடம் இரண்டுமே தேவைக்கு அதிகமாக இருந்தன.

மகன் அபிஷனை நாலாம் வகுப்பில் தொடங்கும் பிரெஞ்சு வகுப்பில் சேர்க்க வேண்டும், அதுவும் டோர்செட் பார்க்கில் உள்ள பள்ளிக்கூடத்தில். அங்கே படித்த கூட்டாளியின் மகன் இப்போது மருத்துவம் படிக்கிறானாம். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பிரெஞ்சு வகுப்புக்குப் போவது என்பதையும் விலாசம்தான் தீர்மானிக்கும். ஆகவே யோகராசா குடும்பம் டோர்செட் பார்க் மாடிக் கட்டடமொன்றில், மனைவியின் தங்கையின் ஒற்றை அறை அப்பார்ட்மென்றில், பதின்மூன்றாம் மாடியில் வசிப்பதாகக் காகிதங்கள் சொல்லின. தங்கையின் கடிதம், வங்கிக் கடிதம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டத்தரணியின் முத்திரையோடு சத்தியக் கடதாசி. தங்கைக்கும் இரண்டு பிள்ளைகள். அந்த ஒற்றை அறையில் எல்லோரும் எப்படிப் படுக்கிறார்கள் என்று கேட்க என் படிவத்தில் இடமில்லை. கடதாசி சரியாக இருந்தது, ஏற்றுக்கொண்டேன்.

அவர் கார்த் திறப்பை, அந்தப் பளபளக்கும் சாவியை, மேசையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் எனக்கும் ஆட்களைத் தெரியும். ஒரு மாதமாக லிப்ற் பழுது என்று அங்கே இருக்கிற எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு திரிகிறார்கள். லிப்ற் திருத்தியாச்சோ என்று சும்மா ஒரு கதைக்குக் கேட்டேன்.

“எந்த லிப்ற்?” என்றார் யோகராசா.

ஒரு வரிக்குப் பதிலாக ஒரு பக்கம்

மே மாதம் ஜெசிந்தா திரும்ப வந்தபோது வரிசையில் நிற்கவில்லை. கடைசிக் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தார். அனெற்றையும் கூட்டிவந்திருந்தார். பிள்ளை தாயின் கைப்பையைத் தன் மடியில் வைத்துக் காவல் காத்தது. மூன்றாம் தரமும் போய்க் கடிதம் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் கோபத்தில் கடிதம் தந்திருக்கிறார். கேட்ட கடிதமல்ல, வீட்டை விட்டு எழும்பச் சொல்லும் கடிதம்.

வாங்கி வாசித்தேன். பத்திரிகைக்காரன் புத்தி, முதலில் பெயர், ஊர், திகதி பார்ப்பது. நல்ல ஆங்கிலத்தில் ரைப் செய்த ஒரு முழுப் பக்கம். ரூஜில் இன்ன இலக்க வீட்டின் பேஸ்மென்றில் மார்ச் கடைசியிலிருந்து வசித்துவரும் ஜெசிந்தாவும் கணவரும் மகளும் அறுபது நாளில் வெளியேற வேண்டும். காரணம்: ‘நானும் மனைவியும் மகன் அபிஷனும் பல வருடங்களாக இதே வீட்டின் மேல் தளத்தில் வசித்து வருகிறோம். மகன் வளர்ந்துவிட்டதால் அவன் படிப்பதற்கு மேலே இடம் போதவில்லை.’ கீழே பெரிய எழுத்தில் பெயர், யோகராசா. அதற்குக் கீழே கையெழுத்து. சத்தியக் கடதாசியில் நான் பார்த்த அதே கையெழுத்து, அதே வால்.

ஒரு வரி எழுதமாட்டேன் என்ற மனிதர் ஒரு பக்கம் எழுதித் தந்திருந்தார். வீட்டுக்காரர் எழுதியது, விலாசம் இருக்கிறது, குடியிருப்பவர்கள் பெயர் இருக்கிறது, எப்போதிருந்து என்பதும் இருக்கிறது. எங்கள் விதியில் வீட்டுக்காரர் அன்பாக எழுத வேண்டும் என்று எங்கும் இல்லை. பிரதி எடுத்து, அனெற்றின் பதிவுப் படிவத்தோடு வைத்துக் குத்தினேன். இப்படி ரைப் அடித்த கடிதத்தால் மட்டும் ஒருவரையும் எழுப்ப முடியாது, அதற்கு முறையான படிவம் இருக்கிறது என்று சொல்லி, வாடகைக்காரருக்கு உதவும் சட்ட கிளினிக்கின் இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

அவருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. கண்ணைத் துடைத்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப எங்களை எழும்பச் சொன்னதாலைதான் நாங்கள் அங்கை இருக்கிறமோ அண்ணை?”

சத்தியம் பண்ணிய வீடு

வீட்டுக்காரர் கடிதம் என்றால் மேற்பார்வையாளர் டொனாவும் ஒருமுறை பார்க்க வேண்டும். நான் ஜெசிந்தாவின் கோப்பைக் கொண்டுபோனேன். அபிஷனின் கோப்பும் கையோடு போனது. இதை நான் மறந்துபோய்ச் செய்ததாகச் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. டொனா இரண்டு கையெழுத்தையும் அருகருகே வைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அனெற்றின் கோப்பில் ஒப்பமிட்டார். மற்றக் கோப்புக்கு ஒரு கடிதம் போகச் சொன்னார்: ரூஜ் வீட்டின் வரிப் பத்திரத்தோடு நேரில் வரவும்.

“இருக்கிற வீட்டுக்கு ஒரு வரி எழுத மாட்டார். இல்லாத வீட்டுக்கு மட்டும் சத்தியம் பண்ணுவார்” என்றார் டொனா.

யோகராசா வந்தார். இந்த முறை கார்த் திறப்பு சட்டைப் பைக்குள். டோர்செட் பார்க் விண்ணப்பத்தைத் தானாகவே திருப்பி எடுத்துக்கொண்டார். ரூஜ் விலாசத்துக்கு உரிய பிரெஞ்சு வகுப்பைக் கேட்டார். அதற்கான காலக்கெடு முடிந்துவிட்டது. சாதாரண நாலாம் வகுப்புத்தான், வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பேஸ்மென்றைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, என் படிவத்தில் அதற்கும் இடமில்லை. கிளினிக்கிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிருந்ததென்று பிறகு ஜெசிந்தா சொன்னார். எழுப்புவதானால் முறையான படிவத்தில் கேளுங்கள் என்று எழுதியிருந்ததாம். படிவம் முறையானதாக இருக்க வேண்டுமென்றால் பேஸ்மென்றும் முறையானதாக இருக்க வேண்டுமே என்று யோகராசா யோசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எழும்பச் சொல்லி ஒரு பேச்சும் வரவில்லையாம்.

அன்று எழும்பிப் போகும்போது யோகராசா என் பக்கம் குனிந்தார்.

“ஏன் அண்ணை, ஒரு மனுசன் ரெண்டு இடத்திலை இருக்கக்கூடாதோ? கீழ இருக்கிறவை கடதாசியிலை ஒரு இடத்திலையும் இல்லாமல் இருக்கேக்கை உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை.”

பதினாலு வருசத்தில் இந்த மேசைக்கு முன்னால் இருந்து எங்கள் விதிகளைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

செப்டெம்பரில் லேபர் டே விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்த செவ்வாய்க்கிழமை, ரூஜில் ஒரே வீட்டின் முன்கதவாலும் பக்கக் கதவாலும் வெளிக்கிட்ட இரண்டு பிள்ளைகள் ஒரே நாலாம் வகுப்புக்குப் போனார்கள். பதிவில் விலாசம் என்ற கட்டத்தில் இருவருக்கும் ஒரே இலக்கம்.