ஒரு வரிக் கடிதம்

எழுபதுகளில் மலேசியாவின் ஈப்போவில் கான்வென்ட் விடுதியில் எங்களுக்குச் சமைத்தவர் அந்த அக்கா. குள்ளமான உருவம். ஈரமே இல்லாவிட்டாலும் கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டேதான் பேசுவார். நாங்கள் வீட்டுக்கு எழுதும் கடிதம் எதையும் சிஸ்டர் பார்க்காமல் தபாலில் போட முடியாது. சிஸ்டருக்குத் தமிழ் தெரியாததால், அக்காதான் படித்து மலாயில் சொல்லுவார்.

சுங்காய் ரப்பர் தோட்டத்திலிருந்து போன நான் சேர்ந்த மாதமே, "அப்பா, என்னை வந்து கூட்டிட்டுப் போங்க" என்று ஒரே வரி எழுதினேன். அக்கா அதன்மேல் விரலை ஓட்டி, நான் சௌக்கியம், சாப்பாடு ருசி, தினமும் ஜெபமாலை சொல்கிறேன் என்று அளந்துகொண்டே போனார். சிஸ்டர் தாளைக் கவனிக்காமல் திருப்தியாக உறையை ஒட்டினார்.

பிறகு சமையலறைக்குப் போய், "அக்கா, உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?" என்றேன்.

"சிஸ்டர்கிட்ட சொல்லிராத லா. இத விட்டா நான் எங்க போவேன்? ஆமா, நீ என்னதான் எழுதுன?"

சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எனக்கும் அதே மாதிரி ஒன்னு எழுதிக் குடு."

"யாருக்குக்கா?"

அப்பா வரவில்லை. ஐந்து வருடம் அங்கேயே படித்தேன். யாருக்கு என்று அக்கா கடைசிவரை சொல்லவில்லை.