ஐந்தருவியில் ஒரு அல்பாகா ஸ்வெட்டர்

சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கும் என் மனைவிக்கும் முன்சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, மடித்துக் கட்டிய வேட்டி, மேலே காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் மூக்குக்கு நேரே கையை நீட்டினார். திரும்பி எங்களிடமும் நீட்டினார்.

"மோந்து பாருங்க. மூணாறு, கொடைக்கானல்னு ஒரு மாசமா இதப் போட்டுக்கிட்டுத்தான் அலையுதேன். துவைக்கவே இல்ல. நாத்தம் வருதா?"

உண்மையிலேயே வரவில்லை.

"ஆட்டு ரோமமா அண்ணாச்சி?" என்றேன்.

"அல்பாகா! ஒட்டகத்துக்குப் பங்காளி, ஆனா பாக்க ஆடு கணக்கா இருக்கும். கனமே தெரியாது. நனைஞ்சாலும் சூடு போவாது."

என் மனைவி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அருவியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், மாற்றுத்துணி இருந்த பையைக் குரங்கு தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறியிருந்தது. ஈரச் சேலையோடு காற்றில் நின்ற அவளுக்கு உதடு நீலம் பாரித்துப் பேச்சுக் குழறியது. நான் பயந்துபோனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த அவர், சாரலில் நனைந்திருந்த ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினார்.

"போட்டுக்க தாயி."

அதை மாட்டிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்போதுதான் எதிரே வெறும் பனியனோடு நின்றவரைக் கவனித்தாள்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் குளிரலையா?"

"குளிராம என்ன! நல்லாக் குளிருது" என்றார், பல் கிடுகிடுக்க. "இப்பவாவது தெரியுதா, அது எப்பேர்ப்பட்ட ஸ்வெட்டர்னு?"

நடுங்கிக்கொண்டே அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.