முதலில் சொல்லக்கூடாத சொல்

அகராதி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ‘எம்’ எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுத ஒரே ஒருவர்தான். ஐம்பத்துநாலு வயது, ஒண்டிக்கட்டை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கமுக்கம். காலையில் வந்து ஜன்னலைத் திறப்பார், மாலையில் மூடுவார். நடுவில் அந்த அறையில் வாய் திறந்து பேசுவது மின்விசிறி மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ஃபோன் செய்வாள்.

“சாப்பிட்டியாடா?”

“ம்.”

“உடம்பு எப்படி இருக்கு?”

“ம்.”

“ஏன்டா, மத்த எழுத்தெல்லாம் ஆபீஸ்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்களா?”

அவர் சிரிப்பார். சிரித்தது அக்காவுக்குக் கேட்காது.

அந்த வாரம் அவரிடம் வந்து மாட்டியது ‘மோ’ (mow). பழைய பதிப்பில் ‘புல் வெட்டு’ என்று இரண்டே சொல்லில் கதையை முடித்திருந்தார்கள். அவருக்கு மனசு ஒப்பவில்லை. நகத்தையும் வெட்டலாம், மரத்தையும் வெட்டலாம். இந்தச் சொல்லுக்குள் இருக்கும் அசைவே வேறு. நீளப் பிடி போட்ட அரிவாளை வீசி, வேரை விட்டுவிட்டு, நிற்கும் புல்லை வரிசையாகச் சாய்ப்பது. அப்படிச் சாய்க்கிற புல்வெளிக்குத்தான் ‘மெடோ’ என்று பெயர் வந்தது. ஒருமுறை அறுத்த பிறகு மறுபடி தலைகாட்டும் புல்லுக்கு ‘ஆஃப்டர்மாத்’. இன்றைக்குப் போரும் வெள்ளமும் விட்டுச் செல்வதை அதே சொல்லால் சொல்கிறார்கள். இரண்டாம் தடவை முளைத்த புல்லின் மேல் இவ்வளவு துயரத்தை யார் தூக்கி வைத்தார்கள் என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தார். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. அறையில் யாரும் இல்லை.

‘அறு’ என்பதை முதல் பொருளாகப் போட்டுப் பதிப்பாசிரியர் அம்மாவிடம் கொண்டுபோனார்.

“இந்தக் காலத்துல யாரு சார் புல்லு அறுக்குறா? மிஷினை வச்சு வெட்டுறாங்க.”

“இப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க மேடம்.”

“சாட்சி?”

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. பேச்சில் புழங்கும் சொல் என்றால், அந்தத் தொழில் செய்கிறவர் வாயிலிருந்து வந்ததைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். கேட்கப் போகிறவர் அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் சீட்டு செல்லாது. இதற்குப் பயந்தே பத்தொன்பது வருஷமாகப் புத்தகங்களில் மட்டும் சாட்சி தேடியவர் அவர்.

“நம்ம வாசல்லயே ஒருத்தர் மிஷினை ஓட்டிக்கிட்டிருக்காரு. நாலு மணிக்கு இந்தப் பக்கம் அச்சுக்குப் போகுது. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள புல்லு மறுபடி வளந்துரும், போங்க.”

கீழே போனார். புல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காலணியில் ஒட்டிய பச்சையைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே... நீங்க இப்ப என்ன பண்றீங்க?”

“செருப்பைச் சுரண்டுறேன்.”

“இல்ல, அதுக்கு முன்னாடி.”

“தண்ணி குடிச்சேன். ஏன் சார், குடிக்கக் கூடாதா?”

“குடிங்க, குடிங்க. இந்த மிஷினை வச்சு, புல்லை...”

“புல்லை?”

“அதான், புல்லை என்ன பண்ணுவீங்க?”

புல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “மேல என்னைப் பத்தி யாராச்சும் புகார் சொன்னாங்களா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லண்ணே!” கமுக்கத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “புல்லு அறுக்குறீங்களே, அதைப் பத்தித்தான்...”

வாயை மூடினார். அதற்குள் கை மீறிவிட்டது.

“ஆமா, அறுக்குறேன். பின்ன? நாளைக்கு அந்தப் பக்கம் அறுக்கணும். இதைக் கேக்கவா இவ்வளவு சுத்துனீங்க? உக்காருங்க சார், வேர்த்துக் கொட்டுது.”

பக்கத்தில் உட்கார்ந்தார். புல்காரர் தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார், இயந்திரத்தின் முன்கோபத்தைப் பற்றிச் சொன்னார். கமுக்கம் எழுதவில்லை, கேட்டார். மேலே ஏறும்போது மணி மூன்றரை.

சீட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘சொல்லை முதலில் சொன்னவர் யார்?’ கீழே நடந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு ‘நான்’ என்று எழுதினார்.

பதிப்பாசிரியர் அம்மா படித்தார். “எழுதாம விட்டிருக்கலாமே சார்.”

“ம்.”

‘புல் வெட்டு’ அச்சுக்குப் போனது. அடுத்த பதிப்பு வர இருபது வருஷமாவது ஆகும். அவருக்கு ஓய்வு இன்னும் ஆறு வருஷத்தில். அது தெரிந்தும் புதுச் சீட்டு ஒன்றில் ‘மோ’ என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து இயந்திரச் சத்தம் கேட்டதும் கீழே இறங்கினார். புல்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். தங்கை வீட்டுக் கல்யாணம், பல் வலி, கூட்டமில்லாத பேருந்து என்று ஏதேதோ பேச்சு. அந்த ஒரு சொல்லை மட்டும் கமுக்கம் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. புல்காரர் தானாக எப்போதாவது சொல்வார். அவசரமில்லை.