திருச்சிக்குப் போன தூள்

வெளிநாட்டு மிளகாய் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கியதும் கிளிநொச்சியில் நாங்கள் காயவைத்து விற்கும் செத்தல் மிளகாயின் விலை விழுந்தது. "செத்தலாய் வித்தால்தானே நட்டம், தூளாக்கி விப்பம்" என்றார் என் கணவர். என் காப்புகளை விற்றுத் தூள் அரைக்கிற மில் ஒன்று வாங்கினோம். பளை வரைக்கும் எங்கள் கறித்தூளுக்குப் பெயர் வந்ததும் மனிசனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு மூட்டைத் தூளோடு தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சிக்குப் போனார்.

போன மூட்டை அப்படியே திரும்பி வந்தது. மளிகைக் கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன சார், கருகிப்போச்சே?" என்றாராம். நாங்கள் கறுக்க வறுப்பதே ருசிக்காகத்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"கறி காய்ச்சிக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை, தூளைத்தான் காட்டினனான்."

"வெறுந் தூளை ஆரப்பா தின்னுறது?"

அடுத்த முறை போய், கடைக்காரரின் வீட்டிலேயே ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சினார். சட்டியை வழித்துச் சாப்பிட்டார்களாம். அந்த வீட்டு அம்மா பக்குவம் கேட்டிருக்கிறார். இவர் மல்லி முதல் கறிவேப்பிலை வரை அளவு சொல்லி, வறுத்தும் காட்டிவிட்டு வந்தார். சாப்பிட்டவர் கேட்டால் மறைப்பது எங்கள் பக்கத்தில் வெட்கக்கேடு. விருந்துக்கு அது சரி, வியாபாரத்துக்கு?

கடைக்காரரிடமிருந்து ஓடர் வரும் வரும் என்று வறுத்து அரைத்து வைத்துக் காத்திருந்தோம். வரவில்லை. திருச்சிக்குப் போய்வந்த ஊரவர் ஒருவர் அந்தக் கடையின் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே எங்கள் தூள், அவர்கள் அரைத்தது. எனக்கு அழுகை வந்தது. இவரோ நாக்கில் தொட்டுப் பார்த்து, "வெந்தயம் கொஞ்சம் கூடுதலா வறுபட்டிட்டுது, போய்ச் சொல்லோணும்" என்றார். என் காப்பு போன கையால் அவர் தலையில் ஒன்று போட்டால் என்ன என்று இருந்தது. அந்த மில்லை விற்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

ஆள் வருவதற்குள், லண்டனில் கடை வைத்திருக்கும் ஒருவர் லீவில் ஊருக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தார். சோறு போட்டோம். கறியைத் தொட்டுத் தொட்டு ருசி பார்த்தவர், "முதல்ல ரெண்டு பெட்டி அனுப்புங்கோ. அதுசரி, இதுக்கு என்னென்ன போடுறனீங்கள்?" என்று கேட்டார்.

இவர் வாயைத் திறந்தார்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் அவாட கைப்பக்குவம்" என்று என்னைக் காட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என் கையைப் புகழ்ந்தது அன்றைக்குத்தான். அதற்கும் இரண்டு தரம் திருச்சிக்குப் போய்வர வேண்டியிருந்தது.