வழும்பு அக்கா

கடலோரத்து மீன்குஞ்சுப் பண்ணையில் என் அக்காவுக்கு வேலை. அங்கே எல்லோரும் அவளை வழும்பு அக்கா என்பார்கள். கூடப் பிறந்தவன் என்பதால் எனக்கு முதலில் ரத்தம் கொதித்தது. அவளிடமே போய்ச் சொன்னேன்.

"சரியாத்தானே சொல்றாங்க. அந்த வழும்பை வச்சுத்தானேடா நம்ம பொழப்பு ஓடுது" என்று சிரித்தாள். நானும் அதே பண்ணையில் வண்டி ஓட்டுகிறவன். என் ரத்தம் கொதித்து என்ன, ஆறி என்ன.

அவள் பொறுப்பில் இருந்தது தாய்மீன் தொட்டி. விரல் நீளத்தில் வந்த குஞ்சுகளை ஆள் கை நீளத்துக்கு வளர்த்துவிட்டிருந்தாள். அதில் வால் ஓரம் கிழிந்த ஒன்றுக்கு மகாராணி என்று பெயர். பக்கத்தில் ஒரு வடிகட்டித் தொட்டி. உள்ளே குவியல் குவியலாகப் பிளாஸ்டிக் வளையங்கள். வளையங்கள்மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம், அதுதான் வழும்பு. பார்க்கிறவருக்கு அது அழுக்கு. அக்காவுக்கு அது வேலையாட்கள்.

மீன் விடும் கழிவில் அம்மோனியா இருக்கிறது. தண்ணீரில் அது சேர்ந்தால் மீனுக்கே எமன். அந்தப் படலத்தில் குடியிருக்கும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் ஆகாது. இன்னொரு கூட்டம் அதை வாங்கி நைட்ரேட் ஆக்கும். அதை மீன் தாங்கிக்கொள்ளும். காற்றுப் புகாத சேற்றில் இருக்கும் வேறொரு கூட்டம் நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜனாகக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

"மண்ணுலயும் இதே சொந்தக்காரங்கதான். எருவைக் கொட்டினா செடி அப்படியே அள்ளித் தின்னுடுமா? இவங்க பக்குவம் பண்ணிக் கொடுக்கணும். கடலடியிலயும் இவங்க குடும்பந்தான்" என்பாள். ஏதோ நாத்தனார் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அதே பண்ணையில் பம்ப் மெக்கானிக். சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கழுவி வைத்த டம்ளரை இன்னொரு தடவை சோப்புப் போட்டுக் கழுவித்தான் டீ குடிப்பார். பண்ணையில் அவருக்குப் பெயர் பளிச். வழும்பும் பளிச்சும் ஒரே வீட்டில் எப்படித்தான் குடித்தனம் நடத்தினார்களோ! "உங்க அக்கா சோம்பேறித்தனத்துக்கு சயின்ஸ் பேரு வச்சிருக்கா" என்று என்னிடம் கண்ணடிப்பார். ஆனால் அவள்மேல் உயிர்.

அந்த உயிர்தான் வினையாகிவிட்டது. மகள் பிரசவத்துக்கு அக்கா வெளியூர் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்போது அசந்துபோகட்டும் என்று மாமா ஒவ்வொரு வளையத்தையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். நன்றாக அலசி, வெயிலில் காயவைத்து, திரும்பப் போட்டார். வளையங்கள் வெள்ளை வெளேர் என்று மின்னின. எனக்கே பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அக்கா வந்தபோது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவள் குப்பியில் தண்ணீர் பிடித்து அம்மோனியா சோதனை மருந்தை விட்டாள். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது. வடிகட்டியை எட்டிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு?" என்றாள்.

"நான்தான்" என்றார் மாமா. "உனக்காகத்தான்…"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வழும்புல இருந்த உயிர் ஒண்ணுகூட மிச்சம் இருக்காது. புதுசா வந்து பெருக வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் மகாராணி தாங்க மாட்டா" என்றாள்.

தீனியை நிறுத்தினோம். புதுக் கடல்நீரை விட்டோம். அன்றே இரண்டு மீன் செத்தது. "கொஞ்சம் பழைய வழும்பு கிடைச்சாப் போதும், அதை விதையாப் போட்டுடலாம்" என்று அக்கா புலம்பினாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "பம்புக்குக் கீழ ஒரு குழி இருக்கே. தொட்டித் தண்ணி அது வழியாத்தானே வடிகட்டிக்கு வருது. அதுல கல்லெல்லாம் வழும்பாத்தான் கிடக்கு."

"அதை நீங்க கழுவலையா?"

மாமா தலையைச் சொறிந்தார். "அது என் இடம். மூடி போட்டு மறைஞ்சிருக்கு. யாரு பாக்கப் போறாங்கன்னு… வருஷக்கணக்கா தொட்டதே இல்ல."

இத்தனை நாள் ஊருக்கெல்லாம் சுத்தம் சொன்ன மனிதர்! எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அக்கா அடக்கவில்லை. கண்ணில் நீர் வழியவே சிரித்தாள்.

மாமா குழிக்குள் இறங்கினார். வழக்கப்படி கையுறையையும் சோப்பையும் தேடினார். "சோப்புப் பட்ட கையால தொடாதீங்க" என்றாள் அக்கா. வெறுங்கையால் கல் கல்லாக எடுத்தார். நாற்றத்தில் முகம் கோணியது. பச்சைக்குழந்தையை ஏந்துவதுபோல் ஒவ்வொன்றையும் கொண்டுவந்து வளையங்களுக்கு நடுவே வைத்தார்.

பிறகு தினமும் தண்ணீர் மாற்றுவதும் குப்பியைப் பார்ப்பதுமாக நாட்கள் போயின. இன்னும் ஒரு மீன் போயிற்று. வீட்டில் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மாமா டம்ளரைக்கூட இரண்டாம் தடவை கழுவவில்லை. அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஒரு காலை குப்பியில் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. அக்கா கொஞ்சம் தீனி தூவினாள். மகாராணி கிழிந்த வாலை ஆட்டிக்கொண்டு மேலே வந்து கவ்விக்கொண்டு போனாள். மாமா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். காலையில் அந்தக் கற்களைத் தொட்டுப் பார்த்த மாமாவின் கையில் வழும்பு காய்ந்து ஒட்டியிருந்தது. அப்படியே தட்டில் கையை வைக்கப் போனார். அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போங்க, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

மாமா எழுந்து போய் வெகுநேரம் கழுவினார்.