அப்பா தலை சாய்த்த சுவர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் அப்பாவின் தலை பதிந்திருந்தது. துறைமுகத்தில் வேலை முடித்து வந்து குளித்துவிட்டு, தேங்காயெண்ணெய் வைத்த தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, எப்போதும் ஒரே கதிரையில் டிவி பார்ப்பார். பாதித் தேங்காயளவு கறை. அவர் மாரடைப்பில் போன பிறகு, ஆண்டுத் திருப்பலிக்கு ஆட்கள் வருவார்களென்று மாமா வந்து பெயின்ட் அடித்தார். நான் அழுதேன். யார் கேட்டது.

கொஞ்ச நாளில் கறை திரும்பி வந்துவிட்டது. ஆனால் பழைய இடத்துக்கு நாலு விரல் கீழே.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் இலிப்பிட்டு என்கிற கொழுப்புப் பாடம் படித்தோம். சீனித் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, தேங்காய்த் துண்டு எல்லாவற்றையும் பிறவுன் பேப்பரில் தேய்த்து வெயிலில் வைத்தோம். மற்ற ஈரமெல்லாம் காய்ந்தது. தேங்காய் தேய்த்த இடம் மட்டும் அப்படியே நின்று வெளிச்சத்தை உள்ளே விட்டது. "கொழுப்பு தண்ணியில கரையாது, காஞ்சும் போகாது. மற்றச் சாப்பாட்டுக்கும் அதுக்கும் அதுதான் வித்தியாசம்" என்றார் டீச்சர்.

மறுநாள் காலை அந்தப் பேப்பரில் ஒரு சுத்தமான துண்டைக் கறைமேல் ஒட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மத்தியானம் வந்து பிய்த்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். நடுவில் வட்டமாக வெளிச்சம் வந்தது. புது எண்ணெய். அலமாரியில் அப்பாவின் எண்ணெய்ப் போத்தலும் குறைந்திருந்தது. புதைத்த குழிக்குள்ளிருந்து வருகிறவர், அதனால்தான் நாலு விரல் பதிந்து உட்காருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தக் கதிரையைச் சுற்றித்தான் நடப்பேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்த மாமா கறையைத் தடவிப் பார்த்தார். "தண்ணிப் பெயின்ட் எண்ணெய்க்கு மேல நிக்காது. சுரண்டிப்போட்டு அடியில வேற மருந்து அடிச்சாத்தான் இது வராது" என்றார்.

எனக்கு அந்தக் கறையைக் கண்டாலும் பயம், அது இனி வராது என்றாலும் பயம். கதிரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அடிக்காதீங்கோ மாமா. நான் ஸ்கூலுக்குப் போனாப் பிறகு அப்பா வந்து இருந்திட்டுப் போறார்."

மாமா சிலுவை போட்டுக்கொண்டார். குசினியிலிருந்து வந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். "விடுங்கோ அண்ணா, கிடக்கட்டும்" என்றாள். அப்பா வருவது அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கதிரையில் இருந்தால் அம்மாவின் தலை அப்பாவின் தலைக்கு நாலு விரல் கீழேதான் வரும். அதை அளந்து பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.