பதில் வர மூன்று வேலை நாள்

துப்பாக்கிக் கடையில் மூணு வருஷம் வேலை பார்த்தேன். துப்பாக்கியைத் தொட்டதைவிட டெலிபோனைத் தொட்டதுதான் அதிகம். பேங்க் கவுண்டரிலும் பாஸ்போர்ட் ஆபீசிலும் உட்கார்ந்து "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க சார்" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போன அன்பர்களே, நானும் உங்க கட்சிதான்.

இரட்டைக் கோபுரம் விழுந்ததற்கு அடுத்த வருஷம் அது. டெக்சஸில் ரிச்சர்ட்சன். டெலிகாம் கம்பெனிகள் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தன. எனக்கும் என் நண்பன் பாஸ்கருக்கும் ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே மீட்டிங் ரூமில் சீட்டு கிழிந்தது. இரண்டு பேருக்கும் கிரீன் கார்டு வந்திருந்ததால் மூட்டை கட்டுகிற நிலைமை வரவில்லை. ராய் என்ற வெள்ளைக்காரப் பெரியவரின் துப்பாக்கிக் கடைக் கம்ப்யூட்டரை நான் அப்பப்போ ரிப்பேர் பண்ணிக் கொடுப்பேன். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் இங்கே வந்து உட்காரு" என்று அவர் கூப்பிட்டார். பாஸ்கரைக் கூப்பிட ஆளில்லை.

டெக்சஸில் ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்குத் துப்பாக்கி விற்றால் காகிதமே தேவையில்லை. ஆனால் சில ஜாக்கிரதைப் பேர்வழிகள், "வாங்கினவன் நாளைக்கு ஏதாவது பண்ணித் தொலைச்சா என் தலையில்லே உருளும்" என்று பயந்து, லைசென்ஸ் உள்ள கடை மூலமாக விற்க வருவார்கள். வாங்குகிறவர் ஃபாரம் நிரப்புவார். நான் ஃபெடரல் ஆபீசுக்குப் போன் போட்டு அவர் பெயர், பிறந்த தேதி எல்லாம் சொல்வேன். மூணு பதிலில் ஒன்று வரும். ப்ரொசீட் என்றால் கொடுக்கலாம். டினை என்றால் கூடாது. டிலே என்றால் மூன்று வேலை நாள் பொறுக்கணும். அதற்குள் பதில் வராவிட்டால், கடைக்காரர் விரும்பினால் கொடுக்கலாம். அந்தக் காத்திருப்பில் ஒருமுறை பாஸ்கரின் உயிரே மாட்டிக்கொண்டது. அதற்கு வருகிறேன்.

ஊருக்குச் சொன்ன வேலை

கம்ப்யூட்டர் மாப்பிள்ளை என்று சொல்லிப் பெண் கொடுத்தவர்கள் என் மாமனார் வீட்டார். மேலப்பாளையத்தில் அவர்களுக்கு இந்தச் சமாச்சாரத்தை எப்படிச் சொல்வது? அமெரிக்காவில், அதுவும் அந்தச் சமயத்தில், ஷாகுல் என்ற பெயரை வைத்துக்கொண்டு துப்பாக்கிக் கடையில் வேலை என்றால் மாமியாருக்கு அன்றைக்கே பிரஷர் எகிறியிருக்கும். என் மனைவி நசீமா தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். ஒரு மாதம் கழித்துப் போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஸ்போர்ட்ஸ் சாமான் கடைன்னு சொல்லி வச்சேன். இப்ப தம்பி மவன் கிரிக்கெட் பேட் கேக்கான், நல்லதாப் பாத்து ஒண்ணு அனுப்பி வைங்க."

செக் பண்ணப்பட்டவர்

தொப்பி போட்ட ஒரு மனிதர் கவுண்டருக்கு வந்து, என் சட்டையில் குத்தியிருந்த பெயரை இரண்டு தரம் படித்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராக ராயிடம் போய், நான் நிற்கிறேன் என்றுகூடப் பார்க்காமல், "பேக்ரவுண்ட் செக் பண்ற வேலைக்கு இவனையா வச்சிருக்கே?" என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிப்போச்சு. பொய் சொல்வானேன், அழுகைகூட வந்தது. ராய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

"விசாவுக்கு ஒரு தடவை, கிரீன் கார்டுக்கு ஒரு தடவை, ஏர்போர்ட்ல ஒவ்வொரு தடவையும் அவனைச் சோதிச்சிருக்காங்க. இந்தக் கட்டடத்துல அவனைவிடச் சுத்தமான ஆள் கிடையாது, நானும் சேர்த்துத்தான்."

கோயமுத்தூர் வேட்டைக்காரர்

விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கி வாங்கக் கூடாது என்பது சட்டம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் வாங்கலாம் என்பதும் சட்டம். ரவுண்ட் ராக்கிலிருந்து மூணு மணி நேரம் டிரைவ் பண்ணி ஒரு கோயமுத்தூர்ப் பையன் வந்தான். கூட வேலை பார்க்கிற அமெரிக்கர் ஒருவரின் பழைய வேட்டைத் துப்பாக்கியை வாங்கப்போகிறானாம். நெற்றியில் விபூதி, கையில் புத்தம்புது வேட்டை லைசென்ஸ், தொண்ணூறு நாள் இந்த ஊரில் குடியிருந்ததற்குக் கரண்ட் பில்கள் என்று ஃபைல் போட்டுக் கொண்டுவந்திருந்தான். தமிழ் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில், "என்ன தம்பி, மானா, காட்டுப்பன்னியா?" என்று கேட்டுவிட்டேன். பதறிப்போனான் பையன்.

"ஐயோ, ஏனுங்க நீங்க வேற! நான் முட்டை போட்ட கேக்கே தொடமாட்டனுங்க. லைசென்ஸ் இருந்தாத்தான் குடுப்பாங்கன்னாங்க, வாங்கியாந்துட்டனுங்க, அவ்ளோதானுங்க."

தன் பொருளைத் தானே வாங்கினவர்

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தன் ரைஃபிளை விற்க, வாங்குகிறவரோடு வந்தார். வாங்குகிறவருக்கு டிலே. "பதில் வந்ததும் கூப்பிடுங்க" என்று வாத்தியார் ரைஃபிளை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கேதான் தப்பு. கடைப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது கடைச் சரக்கு, உடையவரே வந்தாலும் செக் பண்ணித்தான் கொடுக்கணும். மூன்றாம் நாள் அந்த ஆளுக்கு டினை என்று பதில் வந்தது. வாத்தியார் தன் ரைஃபிளைத் திருப்பி எடுத்துப்போக வந்தபோது, நான் ரொம்ப மரியாதையாக ஃபாரத்தை நீட்டினேன்.

முணுமுணுத்துக்கொண்டே நிரப்பினார். நான் போன் போட்டேன். அவருக்கும் டிலே! அந்த மனிதருக்கு எதிரே ரிசீவரை வைத்த சங்கடம் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். வாத்தியார் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"என் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு எங்கப்பா குடுத்ததுப்பா இது. அவர்கூட எதுவும் எழுதி வாங்கலை."

பாஸ்கர் வந்தான்

வேலை போய் ஏழெட்டு மாசத்தில் பாஸ்கர் வீட்டில் தினம் சண்டை. கடைசியில் அவன் மனைவி சுதா பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்கே போய்விட்டாள். ஒரு திங்கட்கிழமை பாஸ்கர் கடைக்கு வந்தான். பக்கத்து அபார்ட்மெண்ட்காரர் வேறு ஊருக்குக் குடிபோகிறாராம், அவருடைய பிஸ்டலை இவன் வாங்கப்போகிறான். "எதுக்கு மாப்ள உனக்கு?" என்றேன். "தனியா இருக்கேன்ல பாய், சேஃப்டிக்கு" என்றான். ஒழுங்காக ஷேவ் பண்ணியிருந்தான், சட்டை அயர்ன் பண்ணியிருந்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, மண்டு நான். போன் போட்டேன். டிலே வந்தது. கூட வந்திருந்த பக்கத்து அபார்ட்மெண்ட்காரர் பிஸ்டலை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கேரேஜில் பாஸ்கர் பெண்ணின் சைக்கிள். அடுக்களையில் அவன் வீட்டு குக்கர், இட்லித் தட்டு, மிக்ஸி. மத்தியானம் வந்து கொடுத்துவிட்டுப் போனானாம். நசீமா குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே தேவைப்படாதுன்னு சொன்னாங்க அந்த அண்ணன். ஏங்க, உசிரோட இருக்கிற மனுசனுக்குக் குக்கர் எப்படிங்க தேவைப்படாமப் போவும்?"

திருச்சிக்கு ஒரு போன்

மறுநாள் காலையில் காலிங் கார்டைச் சுரண்டி, சுதாவைக் கூப்பிட்டேன். பிஸ்டல் விஷயத்தைச் சொல்லவில்லை. பாஸ்கர் எப்படி இருக்கான், பேசினானா என்று மட்டும் கேட்டேன். சாதாரணமாகத்தான் பேச ஆரம்பித்தாள், பாதியில் குரல் மாறியது.

"நல்லா இருக்கேன்னுதாண்ணா சொல்றாரு. ஆனா நேத்து பாப்பாகிட்ட அரை மணி நேரம் பேசினாரு. அப்பா திட்டினதையெல்லாம் மறந்துடும்மான்னாரு. ஏண்ணா அப்படிப் பேசணும்?"

ப்ரொசீட்

அன்று மத்தியானமே ஃபெடரல் ஆபீசிலிருந்து போன் வந்தது. பாஸ்கருக்கு ப்ரொசீட். எந்தக் குற்றமும் இல்லாத, ஒரு டிராஃபிக் டிக்கெட்கூட வாங்காத மனிதன். அவர்கள் வேறென்ன சொல்வார்கள்? ஃபாரத்தில் எழிதிக் கவுண்டர் மேல் வைத்தேன். ராயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன் போட்ட நாளிலிருந்து முப்பது நாள் கழிந்தால் அந்த ப்ரொசீட்டே செல்லாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும். அதுவரை இழுத்தடிக்கலாமா என்று கேட்டேன். "கடைக்கு ஏதும் வம்பு வருமா?" என்றும் கேட்டேன். ராய் பிஸ்டலை எடுத்து உள் ரூம் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

"யாருக்கு விக்கலாம்னுதான் அவங்களைக் கேட்கணும். யாருக்கு விக்கக் கூடாதுன்னு முடிவு பண்ண நான் எவனையும் கேட்க வேண்டியதில்லை."

முப்பது நாள்

பாஸ்கர் தினமும் வந்தான். "இன்னும் பதில் வரலை மாப்ள" என்று தினமும் புளுகினேன். புளுகிவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டு, கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போவேன். நசீமா அவன் குக்கரிலேயே சோறு ஆக்கிப் போடுவாள். சில நாள் பேசுவான், சில நாள் டிவியையே பார்த்துக்கொண்டிருப்பான். ராத்திரி எங்கள் சோபாவில் படுக்க வைத்துவிடுவோம்.

மூன்றாவது வாரம் கடை வாசலில் காரில் உட்கார்ந்திருந்தோம். இனியும் சுற்றி வளைக்கத் தெம்பில்லாமல், "சாகணும்னு நினைக்கிறியா மாப்ள?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதான். நானும் அழுதேன். ரொம்ப நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு பேசினான்.

"டாக்டர் யாராவது தெரியுமா பாய்? தமிழ் டாக்டர் மட்டும் வேண்டாம், ஊரெல்லாம் தெரிஞ்சுடும்."

கேட்டியில் பால் காய்ப்பு

டாக்டரைப் பார்த்தான், மருந்து சாப்பிட்டான். முப்பதாம் நாள் தாண்டியது. பிஸ்டலை ராயே வேறு ஒருவருக்கு விற்று, பணத்தை உடையவருக்கு அனுப்பினார். சுதா உடனே ஒன்றும் வந்துவிடவில்லை, பாதி வருஷம் ஆச்சு. பிறகு பாஸ்கருக்கு ஹூஸ்டன் பக்கம் வேலை கிடைத்தது. எனக்கும் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது, கடையை விட்டேன். மூணு வருஷம் கழித்து அவன் ஹூஸ்டனை ஒட்டின கேட்டியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினான்.

கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்து அவனே வடை சுட்டுக்கொண்டிருந்தான். "டாடி, இட்ஸ் பர்னிங்!" என்று கத்திவிட்டு மகள் ஓடினாள். கருகினதை எடுத்து எனக்கே வைத்தான் படுபாவி. "பாய், ப்ரொசீட் மறுநாளே வந்துடுச்சுல்ல?" என்றான். கடித்த வடையை அப்படியே தட்டில் வைத்தேன்.

"ஃபாரத்தை நீ கவுண்டர் மேலயே போட்டு வச்சிருந்தே. தலைகீழா இருந்தா எனக்குப் படிக்கத் தெரியாதா? துப்பாக்கிச் சந்தைக்குப் போனா அன்னைக்கே எவனும் வித்திருப்பான், பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டான். ஆனா நீ மூஞ்சியை அவ்வளவு சீரியஸா வச்சுக்கிட்டுப் பொய் சொல்லுவே பாரு, எனக்காக ஒருத்தன் இப்படிக் கஷ்டப்பட்டுப் பொய் சொல்றானேன்னு, அதைக் கேக்கத்தான் பாய் தினம் வந்தேன்."

மூணு வருஷம் அடுத்தவன் யோக்கியதையைப் போனில் கேட்டுக் கேட்டுச் சொன்ன நான், அந்தக் கடையில் சொன்ன ஒரே ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லத் தெரியாமல் சொன்னதுதான் என் மொத்த சர்வீசிலும் உருப்படியான வேலை.